நறுவிலிப் பசையும் நத்தார் அட்டையும்

இந்த நூற்றாண்டு மலருக்காகப் பழைய பொருட்களை அனுப்பி உதவுமாறு நாம் கேட்டபோது ஒளிப்படங்கள், பரிசுப் புத்தகங்கள், மாணவத் தலைவிச் சின்னங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. நாம் எதிர்பாராமல் வந்தவை பதினொரு நத்தார் அட்டைகள். பத்து, 1990க்கும் 1994க்கும் இடையில் எமது சித்திர அறையில் செய்யப்பட்டவை. மற்றதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

நத்தார் அட்டை இங்கிலாந்தில் பிறந்த வழக்கம். 1843இல் ஹென்றி கோல் என்பவர், ஓவியர் ஜோன் கல்கொட் ஹோர்ஸ்லியைக் கொண்டு ஒரு படம் வரைவித்து ஆயிரம் பிரதிகள் அச்சிட்டார். விலை ஒரு ஷில்லிங். அச்சில் வந்தவை கோடுகள் மட்டுமே. வண்ணம் கையால் தீட்டப்பட்டது. முதல் அட்டையே பாதி கைவேலைதான். எங்கள் தாய்மார் காலத்தில் அட்டைகளைக் கடையில் வாங்கினார்கள். பனி மூடிய கூரை, றொபின் குருவி, மெழுகுதிரி என்று எல்லாம் ஒரே மாதிரி.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெயே அரும்பொருளான நாளில் அட்டையை யார் கொண்டுவருவார்? மூன்றாந் தவணையில் நாமே செய்யத் தொடங்கினோம். சைவப் பிள்ளைகளும் சேர்ந்தே செய்தோம். சொல்லப்போனால் அவர்களே கூட.

பழைய கலியாண அழைப்பிதழ்களின் எழுதாத பக்கம்தான் அட்டை. தாளில் தேங்காயெண்ணெய் பூசிக் காயவைத்தால் ஊடு தெரியும்; அதை வைத்துப் படத்தைப் பிரதி எடுப்போம். சிவப்புக்குப் பசளிப்பழச் சாறு, மஞ்சளுக்கு மஞ்சள், வானத்துக்கு உடுப்புக்குப் போடும் நீலம். கோதுமை மாவைப் பசை காய்ச்ச எந்த அம்மாவும் தரமாட்டா. ஆகவே நறுவிலிப் பழம். நன்றாக ஒட்டும், ஆனால் எறும்பு வரும். நட்சத்திரத்துக்குச் சிகரெட் பெட்டி ஈயத்தாள். பெட்டி பொறுக்கித் தரத் தம்பிமார் இருந்தார்கள். பனிக்கு இலவம் பஞ்சு. பனியை நாம் ஒருவரும் கண்டதில்லை, என்றாலும் பஞ்சு ஒட்டாத அட்டையை அட்டையென்று ஏற்கமாட்டோம். மினுக்கத்துக்கு, மின்சாரமில்லாமல் சும்மா கிடந்த பல்புகளை இடித்துத் தூவினோம். ஒருத்தியின் விரல் வெட்டுப்பட்டதும் ஆசிரியை அதைத் தடைசெய்துவிட்டா. ஓர் அட்டையில் அந்தக் கண்ணாடித்தூள் இன்னும் கையைக் கீறுகிறது.

அனுப்புவதுதான் பெரும்பாடு. தபால் எப்போது போகும் என்று தெரியாது. கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்து கொழும்பு போவோரிடம் கொடுத்துவிடுவதும் உண்டு. அந்தக் கடலில் கொல்லப்பட்டோர் பலர். தங்கள் உயிரோடு எங்கள் அட்டைகளையும் மடியில் கட்டிக்கொண்டு போனவர்களுக்கு நாம் அன்று நன்றி சொன்னதாக ஞாபகமில்லை. வந்த பத்தும் அப்படிக் கடந்து, கொழும்பிலும் கனடாவிலும் இருந்த தகப்பன்மாரும் தமையன்மாரும் வைத்திருந்தவை. ஊரில் நாம் வைத்திருந்தவற்றில் ஒன்றுமே மிஞ்சவில்லை. பத்திலும் பசளிச் சிவப்பு மண்ணிறமாகிவிட்டது. மஞ்சள் அநேகமாக இல்லை. நீலம் மட்டும் அப்படியே நிற்கிறது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. சித்திர அறை அலுமாரியில் அந்த வருட அட்டைகள் பாதி வேலையில் கிடந்தன. மறுவருடம் திரும்பியபோது அலுமாரியே இல்லை.

பதினோராவது அட்டை அந்த வருடத்தது. முடித்துக்கொண்டு வருவதாகச் சொல்லி ஒருத்தி வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தா. புத்தகப்பையோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, பிறகு எத்தனையோ வீடுகள் மாறி இன்று எம்மிடம் வந்திருக்கிறது. மூன்று அரசர் படம். முதலாமவருக்கு மட்டும் நீல அங்கி. மற்ற இருவரும் வெறும் பென்சில் கோடு. உள்ளே "அன்புள்ள அப்பாவுக்கு" என்று மட்டும் எழுதியிருக்கிறது. நிறம் தீட்டாமல், உள்ளபடியே பின்னட்டையில் அச்சிட்டிருக்கிறோம்.