டிரவுட்டுக்குப் பண்ணை, உல்லத்துக்குச் சுவர்

பிக்கட்டிக்காரனுக்கு மீன் என்றாலே அவலாஞ்சி டிரவுட்தான். 1907 வாக்கில் அந்தப் பண்ணையைத் தொடங்கியவர் சென்னை மாகாண அரசின் மீன் நிபுணர் எச்.சி. வில்சன். துரைமார் தூண்டில் போட மீன் வளர்த்தவர் என்ற அளவில்தான் அவரைத் தெரியும். போன மாதம் வேறெதையோ தேடும்போது கண்ணில் பட்டது: அதே வில்சன், அதே காலத்தில், கொள்ளிடம் கீழணையில் உல்லம் மீனைச் செயற்கையாகப் பொரிக்க வைக்கவும் முயன்றிருக்கிறார்.

உல்லம் வேறொன்றுமில்லை, வங்காளிகள் உயிரை விடும் இலிஷ்தான். கடலில் வளர்ந்து, புதுவெள்ளத்தில் முட்டையிட ஆறு ஏறும். ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய கீழணையே அதற்குத் தடை. மீன் ஏற வழி அமைத்தும் பார்த்தார்கள். சால்மன் மாதிரி தாவத் தெரியாத உல்லம் ஏறவில்லை. 1934-ல் மேட்டூர் வந்தபோது அந்த வழியும் வைக்கவில்லை. வெள்ளமும் அணைக்குள் நின்றுவிட, காவிரியில் உல்லத் தொழில் படுத்துவிட்டது. பாசனத்துக்கு ஏக்கர் கணக்கு, மின்சாரத்துக்கு யூனிட் கணக்கு. மீனவர் நஷ்டத்துக்கு?

"அதுக்கு அணையை இடிக்கச் சொல்றியா?" என்றார் குந்தா பவர் ஹவுஸில் வேலை பார்த்த மாமா.

அமெரிக்காவின் பெனாப்ஸ்காட் ஆற்றில் 2012, 2013-ல் இரண்டு அணைகளை இடித்தே விட்டார்கள். மற்ற அணைகளில் உற்பத்தியைக் கூட்டி மின்சாரத்தை ஈடுகட்டினார்கள். சில ஆயிரமாக இருந்த ஹெர்ரிங் மீன் சில ஆண்டுகளில் பல லட்சமாக ஏறியது. அங்கே சிங்கி இறால் பிடிப்பவர்களுக்கு அது இரை.

மேட்டூரை இடிக்க முடியாது, டெல்டாவே அதை நம்பி இருக்கிறது. கீழணை உயரம் குறைவு. அங்கே உல்லத்துக்கேற்ற வழி யோசிக்கலாமே என்றேன்.

"டிரவுட்டைப் பத்தி எழுதுப்பா, டூரிஸ்ட்டாவது படிப்பான்" என்றார் மாமா.