வைக்கிங்

வகுப்பில் ‘வைக்கிங்’ என்றதும் பிள்ளைகள் கொம்பு வைத்த தலைக்கவசத்தை வரைகிறார்கள். அந்தக் கொம்பு பெரிதும் 1876இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத்துக்குச் செய்த உடையோடு பரவியது. நார்வேயில் 1943இல் கிடைத்த வைக்கிங் காலத்து யெர்முண்ட்பூ தலைக்கவசமோ வெறும் இரும்புக் குல்லா. கண்களைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போல ஒரு காப்பு.

சொல்லையும் திருத்திச் சொல்லித்தர வேண்டும். பழைய நார்ஸ் மொழியில் ‘வீக்கிங்’ இனப்பெயர் அல்ல. கடல்வழிக் கொள்ளைப் பயணம். போனவன் ‘வீக்கிங்ர்’. உழுதுகொண்டு ஊரோடு இருந்தவருக்கு அந்தப் பெயர் இல்லை.

வேர் எது? ‘வீக்’ என்றால் சிறு விரிகுடா. ரெய்க்யாவிக் என்ற ஊர்ப்பெயரில் இன்றும் இருக்கிறது. துடுப்புப் போடுவோர் ஆள் மாற்றிக்கொள்ளும் தொலைவான ‘வீக்கா’தான் வேர் என்பாரும் உண்டு. எனக்கு இதுவே பிடிக்கிறது: கை காய்த்துப்போன படகோட்டியை இது கண்முன் நிறுத்துகிறது.