காளத்திக் கோபுரப் படத்தின் கீழே ஒரு வரி

உரைக்கு எடுத்துக்கொண்ட வரி இது:

ஸ்ரீகாளஹஸ்தி பழைய ராஜகோபுரம், 2008. படம்: (எடுத்தவர் பெயர்). விக்கிமீடியா பொதுவகம் வழியே. சிசி பிஒய்-எஸ்ஏ 4.0. ஓரங்கள் வெட்டப்பட்டன.

மாதிரிக்காக நான் அமைத்த வரிதான். பெயர் வரவேண்டிய இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன். சித்தூர், திருப்பதிப் பக்கத்துக் கோயில்களைப் பற்றி எழுதும்போது படத்தின் கீழே 'நன்றி: இணையம்' என்று போட்டுவிடுவது நம்மிடையே பழக்கமாகிவிட்டது. சற்றுக் கவனமானவர்கள் 'நன்றி: விக்கிப்பீடியா' என்பார்கள். இணையம் என்ற பெயருள்ள யாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு காளத்திக்குப் போகவில்லை. போனவர் வேறு ஒருவர். அவர் பணம் கேட்கவில்லை, இந்த ஒரு வரியைத்தான் கேட்டார்.

'ஸ்ரீகாளஹஸ்தி பழைய ராஜகோபுரம், 2008' என்றது இடமும் பொருளும் காலமும் கூறியவாறு. 'பழைய' என்ற அடைமொழி அழகுக்காக வந்ததல்ல. கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய அந்த ஏழுநிலைக் கோபுரம் 2010 மே 26 அன்று இரவு சரிந்து விழுந்தது. அங்கேயே புதிதாக எழுந்த கோபுரத்துக்கு 2017இல் குடமுழுக்கு நடந்தது. தொலைவிலிருந்து எடுத்த சிறிய படமாக இருந்தால், அதில் நிற்பது ராயர் கட்டியதா நம் காலத்தில் கட்டியதா என்று பழக்கமில்லாத கண்ணுக்குப் பிடிபடாது. அப்போது கைகொடுப்பது இந்த ஆண்டு ஒன்றுதான்.

அந்த ஆண்டை எங்கே பார்ப்பது? பொதுவகத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் 'நாள்' என்ற இடத்தில் இருப்பது படம் எடுத்த நாள். கீழே கோப்பின் வரலாற்றில் இருப்பது பதிவேற்றிய நாள். 2008இல் எடுத்த படத்தை ஒருவர் 2015இல் பதிவேற்றலாம். அவசரத்தில் பார்ப்பவர் 2015 என்று எழுதிவிட்டால், இடிந்து ஐந்து வருடமான கோபுரம் அச்சில் எழுந்து நிற்கும். வாட்ஸ்அப் வழியே வந்த படத்தில் இரண்டு நாளுமே கிடைக்காது. 4.0 உரிமத்தின்படி தலைப்பைக் கட்டாயம் போடவேண்டியதில்லை, முந்தைய 3.0இல், எடுத்தவர் தலைப்புக் கொடுத்திருந்தால் போட்டாக வேண்டும். தளர்த்தியவர்கள் காளத்தியை நினைத்திருக்க மாட்டார்கள். கட்டாயமில்லை என்றாலும் நான் விடமாட்டேன்.

'படம்: (எடுத்தவர் பெயர்)'. வரியில் நடுநாயகமான பகுதி இது, சிக்கல் அதிகமும் இங்கேதான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி ஒரு புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். ஆனால் ஆசிரியரே உரிமையாளராக இருக்கவேண்டும் என்பதில்லை. திருமலையில் நடக்கும் ஒரு கல்யாணத்தை வைத்துப் பார்க்கலாம். ஸ்டுடியோக்காரரைப் பணம் கொடுத்து அழைக்கிறார்கள், அவர் நாள் முழுக்க எடுக்கிறார். வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் 17ஆம் பிரிவின்படி அந்தப் படங்களின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்த வீட்டார். ஸ்டுடியோக்காரர் தன் திறமையைக் காட்ட அதிலொன்றைப் பொதுவகத்தில் ஏற்றித் திறந்த உரிமம் கொடுத்தால், தன்னிடம் இல்லாததைக் கொடுத்தவராகிறார். வீட்டார் ஏற்றினால் செல்லும். அப்போதும் 57ஆம் பிரிவின் துணையோடு 'இது நான் எடுத்தது' என்று சொல்லும் உரிமை ஸ்டுடியோக்காரரிடமே இருக்கும். உரிமை கைமாறினாலும் அது மாறாது. ஆகவே பதிவேற்றியவர் பெயரைப் பார்த்து எழுதிவிடாமல், ஆசிரியர் என்ற இடத்தில் உள்ள பெயரை எழுத வேண்டும். அது புனைபெயராகவோ பயனர் பெயராகவோ இருந்தால் அப்படியே போடுவதுதான் முறை. அவர் தன்னை எப்படிக் குறிக்கச் சொன்னாரோ அதுதான் அவர் பெயர்.

காளத்தியிலேயே இதைவிடக் கடினமான ஒன்று உண்டு: கலம்காரி. இன்று வாழும் ஒரு கலைஞர் பேனாவால் வரைந்த துணியைக் கடையில் பார்த்துப் படம் எடுக்கிறோம். படத்தின் ஆசிரியர் நாம், சித்திரத்தின் ஆசிரியர் அவர். பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுத்து வெளியிட 52ஆம் பிரிவு இடம் தருகிறது, கட்டடத்துக்கும் அப்படியே. அதனால்தான் 2017இன் புதிய கோபுரத்தை எடுப்பதில் தடையில்லை. கடையில் தொங்கி நாளை விற்றுப்போகும் துணிக்கு அந்தச் சலுகை எட்டாது. கலைஞரின் சம்மதமில்லாமல் 'சொந்தப் படைப்பு' என்று ஏற்றினால் பாதிதான் உண்மை.

எடுத்தவரும் வெளியிட்டவரும் மறைந்து நெடுங்காலமான படங்களுக்கு என்ன செய்வது? ஏர்ப்பேடு பக்கத்தில் குடிமல்லம் இருக்கிறது. ஐந்தடி உயர லிங்கத்தின் முன்பக்கத்தில், குள்ளன் ஒருவனின் தோள்மேல் நிற்கும் உருவம். வலக்கையில் ஆட்டுக்கிடாய் தலைகீழாகத் தொங்கும், இடத்தோளில் கோடரி சாய்ந்திருக்கும். டி. ஏ. கோபிநாத ராவ் இந்து உருவவியல் பற்றிய தம் பெரிய நூலில் இதன் படங்களை வெளியிட்டார். அவர் மறைந்தது 1919இல். முன்பு புகைப்படத்துக்கு வெளியான நாளிலிருந்து 60 ஆண்டு காப்பு இருந்தது. 2012 திருத்தத்துக்குப் பின் எடுத்தவரின் ஆயுளும் அதன்மேல் 60 ஆண்டும். அந்தப் பழைய படங்கள் இன்று பொதுச்சொத்து. உரிம எண் வேண்டாம், அனுமதி வேண்டாம். 'கோபிநாத ராவ் நூலிலிருந்து' என்று போடாவிட்டால் வழக்கும் வராது. ஆனால் நூறாண்டுக்கு முந்தைய நிலையைக் காட்டும் படம் அது என்பது வாசகருக்குத் தெரியாமலே போகும்.

'விக்கிமீடியா பொதுவகம் வழியே' என்றதில் 'வழியே' முக்கியம். பொதுவகம் 2004இல் திறந்த ஒரு கிடங்கு, படத்தின் சொந்தக்காரரல்ல. தமிழ், தெலுங்கு, ஆங்கில விக்கிப்பீடியாக்கள் மூன்றும் ஒரே படத்தை அங்கிருந்துதான் எடுத்துக் காட்டுகின்றன. 'நன்றி: விக்கிப்பீடியா' போதாது என்பதற்குக் காரணமும் இதுவே. திருமலைக் கோயிலுக்குள் கேமராவும் கைபேசியும் கொண்டுபோக முடியாது என்பதால் பொதுவகத்தில் தேடினால் கிடைப்பது வெளிக்கோபுரம், புஷ்கரிணி, சிலாதோரணம் போன்றவையே. மூலவர் என்று யாராவது ஏற்றியிருந்தால் பெரும்பாலும் காலண்டரை ஸ்கேன் செய்ததாக இருக்கும். அதற்கு ஓர் ஓவியரோ அச்சகமோ உரிமையாளராக இருப்பார்கள். அத்தகையவற்றைத் தன்னார்வலர்கள் நீக்கிவிடுவார்கள். நீக்கியது பக்திக்குறைவு என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு.

'சிசி பிஒய்-எஸ்ஏ 4.0'. கிரியேட்டிவ் காமன்ஸ் வகுத்த உரிமம். இந்த நான்காம் பதிப்பு வந்தது 2013 நவம்பரில். 2008 படத்துக்கு 2013 உரிமம் எப்படி என்றால், உரிமம் கொடுத்த நாள் வேறு, படம் எடுத்த நாள் வேறு. 'பிஒய்' என்றால் பெயர் சொல். 'எஸ்ஏ' என்றால் மாற்றி அமைத்ததையும் இதே நிபந்தனையில் விடு. விற்கக்கூடாது என்று எங்கும் இல்லை, அப்படிச் சொல்லும் உரிமங்களைப் பொதுவகம் ஏற்பதுமில்லை. எனவே சிவகாசியில் காலண்டராக அடிக்கலாம், டிராவல்ஸ்காரர் பஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டலாம். 'என் படத்தை வைத்துக் காசு பார்க்கிறான்' என்று பிறகு பொருமுவதில் பயனில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் முடியாது. பெயரை விட்டுவிட்டான் என்று கேட்கலாம். பெயரை விட்ட கணமே உரிமம் தானாக ரத்தாகிறது. தவறு தெரியவந்த 30 நாளுக்குள் திருத்திவிட்டால் மீண்டும் உயிர்பெறும். பத்திரிகை அலுவலகங்களுக்கு இதைவிடத் தாராளமான ஏற்பாடு கிடைக்காது.

இன்னொன்று. இந்த உரிமம் எடுத்தவரின் பதிப்புரிமையை மட்டுமே தருகிறது, படத்தில் இருப்பவரின் முகத்தைத் தருவதில்லை. மொட்டையடித்துவிட்டு வெளியே வரும் பெண்ணின் படம் திறந்த உரிமத்தில் இருக்கலாம். அதைக் கூந்தல் தைல விளம்பரத்தில் போட்டவர் 'உரிமம் பார்த்துத்தான் எடுத்தேன்' என்று தப்பிக்க முடியாது.

'ஓரங்கள் வெட்டப்பட்டன' என்றது, செய்த மாற்றத்தைச் சொல்லவேண்டும் என்ற நிபந்தனைக்கு விடை. இரண்டு சொல்லில் முடியும் காரியம் என்பதாலேயே எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பக்கம் வடிவமைப்பவர் கோபுரத்தின் குறுக்கே போகும் மின்கம்பியை அழித்து, வானத்தைக் கொஞ்சம் நீலமாக்குவார். பழைய ராஜகோபுரம் விழுவதற்கு முன்பே அதில் விரிசல் ஓடியிருந்தது. கம்பியை அழிக்கும் அதே கருவி, கேட்காமலே அந்தக் கோட்டையும் அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடும். அப்படி நேர்ந்திருந்தால் 'ஓரங்கள் வெட்டப்பட்டன' என்பது பொய். 'விரிசல் நீக்கப்பட்டது' என்று எழுதவேண்டும், அல்லது திருத்தாத படத்தைப் பொதுவகத்திலிருந்து மறுபடி இறக்கிப் போடவேண்டும். இரண்டாவதுதான் சுலபம்.