காரை லாரியில் ஏற்றி ஊருக்கு அனுப்புறீங்களா? பேப்பரில் கையெழுத்து போடும் முன் இதைப் படிங்க!

குருகிராமில் வேலை, இப்போது சென்னைக்கு டிரான்ஸ்ஃபர். கிட்டத்தட்ட 2,200 கி.மீ. சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு காரை ஓட்டி வர முடியாது. ஆன்லைனில் தேடி, ஒரு கார் கேரியர் நிறுவனத்தில் ரூ.18,000 பேசி வண்டியை ஒப்படைக்கிறார் ஒருவர். வண்டியின் இன்றைய மதிப்பு ரூ.7 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

பத்து நாளில் வந்துவிடும் என்றார்கள். மூன்று வாரம் கழித்து, ராத்திரி ஒன்பதரை மணிக்கு வண்டி வீட்டு வாசலுக்கு வருகிறது. “சார், சீக்கிரம் சைன் பண்ணுங்க, இன்னும் ரெண்டு டெலிவரி இருக்கு” என்கிறார் டிரைவர். இவரும் போட்டுக் கொடுத்துவிடுகிறார். காலையில் பார்த்தால் இடதுபக்க பின்கதவு உள்ளே அமுங்கியிருக்கிறது, பம்பர் கிழிந்திருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ரூ.72,000 எஸ்டிமேட்.

மாநிலம் விட்டு மாநிலம் மாறும் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் கதைதான் இது. இந்த ரூ.72,000 யார் தலையில் விழும்? அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வண்டியை ஏற்றிய அன்று எழுதிய ஒரு எண்ணும், இறக்கிய அன்று போட்ட ஒரு கையெழுத்தும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

லாரியில் சரக்கு அனுப்புவதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. சாலை வழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007. இதற்கான விதிகள் 2011-ல் வந்தன. வாடகைக்குச் சரக்கு ஏற்றும் நிறுவனம் இந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். சரக்கை வாங்கியதும் ரசீது தர வேண்டும். லாரி வட்டாரத்தில் இதை எல்.ஆர். என்பார்கள், வடக்கே பில்டி.

சரக்கு சேதமானால் கேரியர்தான் பொறுப்பு. டிரைவர் அலட்சியமாக ஓட்டினார் என்று வாடிக்கையாளர் நிரூபிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொறுப்புக்கு ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்.

வாடகையைப் போல பத்து மடங்கு. அவ்ளோதான். ரூ.18,000 வாடகை என்றால் அதிகபட்சம் ரூ.1.8 லட்சம். ரூ.7 லட்சம் வண்டி மொத்தமாக எரிந்து போனாலும் இதே கணக்குதான். அதிலும் ஒரு நிபந்தனை: அந்தத் தொகை, நீங்கள் எழுதிக்கொடுத்த சரக்கு மதிப்பைத் தாண்டக் கூடாது.

இப்போது நம்ம ஆளின் எல்.ஆரைப் பார்ப்போம். மதிப்பு என்ற கட்டத்தில் ரூ.50,000 என்று இருக்கிறது. “சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தான் சார்” என்று ஏஜென்ட் அவராகவே நிரப்பியது, இவர் படிக்காமல் கையெழுத்து போட்டது. ரூ.72,000 செலவுக்கு சட்டப்படி கேரியரிடம் கேட்கக்கூடியது இனி ரூ.50,000 வரைதான்.

இந்த வரம்பைத் தாண்ட வழி இருக்கிறது. வண்டியின் உண்மையான மதிப்பை எழுதி, அதற்கு கேரியர் கேட்கும் அதிக ரிஸ்க் கட்டணத்தைக் கட்டினால் பத்து மடங்கு வரம்பு பொருந்தாது. புக்கிங் நேரத்திலேயே இதைக் கேட்க வேண்டும். பெரும்பாலான ஏஜென்ட்கள் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

சில எல்.ஆர்.களில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்று பெரிதாக சீல் அடித்திருப்பார்கள். அதைப் பார்த்து பயந்து விட்டுவிட வேண்டாம். அப்படி எழுதிவிட்டதாலேயே கேரியர் பொறுப்பிலிருந்து நழுவிவிட முடியாது என்று பழைய சட்டம் இருந்தபோதே, 2000-ல், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

“இன்சூரன்ஸ் போட்டாச்சு சார்” - எது இன்சூரன்ஸ்?

பில்லில் ‘இன்சூரன்ஸ்’ என்று ஒரு தொகை இருந்தால் பாலிசி எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. பலர் ஏமாறுவது இங்கேதான். இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுத்த சான்றிதழ், அதில் உங்கள் பெயர், வண்டி எண், வண்டி மதிப்பு மூன்றும் இருக்க வேண்டும். வண்டி ஏறுவதற்கு முன்பே அது கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வெறும் கட்டணம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. உங்கள் காருக்கு ஏற்கனவே காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருக்கிறதா? இந்தியாவில் வழக்கமான தனியார் கார் பாலிசியில் தீ, திருட்டு, விபத்து வரிசையில் சாலை, ரயில் வழியாகக் கொண்டுசெல்லும்போது ஏற்படும் சேதமும் சேர்ந்தே வருகிறது. லாரி மேல் ஏற்றிய காருக்கும் இது பொருந்தும். ஆனால் கிளெய்ம் செய்தால் அதுவரை சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாதவருக்கு அது 50% தள்ளுபடி. சின்னக் கீறலுக்கு அதை இழப்பது லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் இதில் எதுவும் கிடைக்காது.

ஏற்றும்போது, இறக்கும்போது

ஏழெட்டு கார் ஏற்றும் நீள டிரெய்லர் உங்கள் தெருவுக்குள் வராது. வீட்டிலிருந்து ஊருக்கு வெளியே இருக்கும் யார்டு வரைக்கும், அங்கிருந்து இந்தப் பக்கம் வீடு வரைக்கும் ஒரு டிரைவர்தான் ஓட்டிச் செல்வார். அதனால் ஓடோமீட்டரில் இரண்டு பக்கமும் சேர்த்து சில பத்து கி.மீ. கூடுவது சகஜம். நூற்றுக்கணக்கில் கூடியிருந்தால் வண்டி லாரியில் வரவில்லை, ரோட்டில் ஓடி வந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் பணம் எடுத்ததாக போனுக்கு மெசேஜ் வந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள். ஆனால் லாரி மேல் இருக்கும் காரின் டேக்கையும் சென்சார் படித்துவிடலாம் என்பதால் அது ஒன்றே ஆதாரம் ஆகாது.

அதனால் ஒப்படைக்கும்போது பகல் வெளிச்சத்தில், கழுவிய வண்டியைச் சுற்றி ஒரே ஷாட்டில் வீடியோ எடுங்கள். ஓடோமீட்டர், டயர், ஸ்டெப்னி, மியூசிக் சிஸ்டம் எல்லாம் அதில் வரட்டும். பழைய கீறல்களை அவர்கள் ஃபார்மில் குறித்து, டிரைவரின் கையெழுத்தோடு ஒரு காப்பி வாங்குங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல் மட்டும் போதும், ஒரிஜினல் தர வேண்டாம். டிக்கியில் மிக்ஸி, துணி மூட்டை என்று வீட்டுச் சாமானை அடைக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அது தொலைந்தால் கேட்கவே முடியாது.

டெலிவரியில் அவசரப்படுத்துவார்கள். அசராதீர்கள். ராத்திரி என்றால் போன் டார்ச்சை அடித்தாவது சுற்றிப் பாருங்கள். சேதம் இருந்தால் டெலிவரி காப்பியிலேயே “இடது பின்கதவு அமுங்கியுள்ளது, பம்பர் கிழிந்துள்ளது” என்று கைப்பட எழுதி, அதன் கீழே கையெழுத்து போட்டு, அந்தத் தாளையும் போட்டோ எடுங்கள். நம்ம ஆள் தவறவிட்டது இதைத்தான். “நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்ற அச்சு வரிக்குக் கீழே அவர் கையெழுத்து இருக்கிறது. அதை வைத்துத்தான் கேரியர் வாதாடும்.

தாமதமாகப் பார்த்தால் என்ன செய்வது?

வழக்குக்குப் போகும் முன் கேரியருக்கு எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கட்டாயம். கெடு 180 நாள். வண்டி வந்த நாளிலிருந்து இல்லை, புக் செய்த நாளிலிருந்து. வாட்ஸ்அப்பில் சண்டை போட்டதை நம்பி இருக்காமல் பதிவுத் தபாலில் அனுப்புவது நல்லது. அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் புகார் தர வேண்டும். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமே கிடையாது.

முன்பணம் வாங்கிவிட்டு போனை ஸ்விட்ச் ஆஃப் செய்தவர்கள், பிரபல நிறுவனத்தின் பெயரில் ஓரெழுத்தை மாற்றி இணையதளம் நடத்துபவர்கள் கதை வேறு. அது சைபர் மோசடி. உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். வண்டியை வழியில் நிறுத்திவைத்து “இன்னும் பத்தாயிரம் அனுப்பு” என்று மிரட்டினால் போலீசில் புகார் கொடுக்கலாம்.

வண்டி வந்த பிறகு

வேறு மாநிலப் பதிவு எண்ணோடு 12 மாதம் வரை வைத்திருக்கலாம். அதற்கு மேல் இங்கேயே இருக்கப் போகிறது என்றால் மறுபதிவு செய்தாக வேண்டும். இதற்குப் பழைய ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. வாங்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் ஒப்புதலும் தேவை. ஊரைக் காலி செய்யும் முன்பே இதைத் தொடங்கினால் அலைச்சல் குறையும். தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கு ஏற்ப வரி கட்டிய பிறகு, பழைய மாநிலத்தில் மீதிக் காலத்துக்கான வரியைத் திரும்பக் கேட்கலாம். 2021 செப்டம்பரில் வந்த பி.எச். வரிசை எண் வைத்திருப்பவர்களுக்கு இந்த மறுபதிவே கிடையாது.