படத்தின் பின்புறம் எழுத வேண்டிய பெயர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் குளுவாங் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் ஒரு சிறு கண்காட்சி நடத்தினோம். வீட்டில் இருக்கும் பழைய பொருள் ஏதேனும் கொண்டுவரும்படி மாணவர்களிடம் சொல்லியிருந்தோம். ஒருவன் பால்வெட்டுக் கத்தி கொண்டுவந்தான். ஒருத்தி நெற்றி விளக்கு கொண்டுவந்தாள். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தகரப் பெட்டியில் கிடந்த ஒரு புகைப்படத்தைத் துணியில் சுற்றி எடுத்துவந்தான்.

தோட்டத்து அலுவலகத்தின் முன் எடுத்த படம் அது. நடுவே நாற்காலியில் துரை அமர்ந்திருக்கிறார். அவருக்கு இருபுறமும் கிராணிமார். பின்னால் கங்காணிகள். அவர்களுக்கும் பின்னால் மூன்று வரிசையாகத் தொழிலாளர்கள். எண்ணிப் பார்த்தோம், மொத்தம் 43 பேர். படத்தைத் திருப்பினால் 1971 என்ற ஆண்டும், தோட்டத்தின் பெயரும், துரையின் பெயரும் இருந்தன. மற்ற 42 பேருக்கும் சேர்த்து ஒரே சொல்தான்: தொழிலாளர்கள்.

"இதுல எங்க பாட்டி எங்க சார் நிக்குது?" என்று கேட்டான் பையன். பாட்டி முந்திய ஆண்டுதான் காலமாகியிருந்தார். பையனின் தந்தைக்கும் அடையாளம் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. படம் இருக்கிறது, முகங்கள் இருக்கின்றன, ஆனால் யார் என்று சொல்வதற்கு ஆள் இல்லை. இதை வரலாறு என்பதா, வெறும் காகிதம் என்பதா?

இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் வேலையாகவே எடுத்துக்கொண்ட ஒருவரைப் பற்றித்தான் இன்றைய உரையில் சொல்லவிருக்கிறோம். அவர் பெயர் பி. சாய்நாத். எழுத்தாளர், புகைப்படக்காரர், இளம் செய்தியாளர்களுக்கு ஆசிரியர். 1957-இல் சென்னையில் பிறந்தவர். தொழிற்சங்கத் தலைவராக இருந்து 1969-இல் இந்தியாவின் குடியரசுத் தலைவரான வி. வி. கிரியின் பேரன். சென்னை லயோலாக் கல்லூரியிலும், பின்னர் டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். 1980-இல் செய்தித் துறைக்கு வந்து, பம்பாயின் 'பிளிட்ஸ்' வார இதழில் பத்தாண்டுகள் பணியாற்றினார்.

வசதியான நாற்காலி அது. ஆனால் 1993-இல் அவர் அதை விட்டு இறங்கினார். 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளிதழின் உதவித்தொகை ஒன்றைப் பெற்று, இந்தியாவின் மிக ஏழ்மையான மாவட்டங்களைத் தேடிப் புறப்பட்டார். ஐந்து மாநிலங்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டர் சுற்றினார். அதில் 5,000 கிலோமீட்டர் கால்நடையாகவே போனது. எழுதியனுப்பிய கட்டுரைகள் 84. வறட்சி வந்தால் சிலருக்குக் கொண்டாட்டம் என்னும் பொருள்படும் தலைப்போடு அவை 1996-இல் நூலாகவும் வந்தன.

நேயர்களே, அந்த ஏழை மாவட்டங்களில் இரண்டு தமிழ்நாட்டில் உள்ளவை: இராமநாதபுரம், புதுக்கோட்டை. நம்மில் சிலருடைய பாட்டன்மார் கப்பலேறி வந்த சீமைகள். இராமநாதபுரத்தில் நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்துப் பனையேறுகிறவர்களைப் பற்றி அவர் எழுதினார். விடியுமுன் பால்மரத்தடியில் நின்றவர்களின் பிள்ளைகளுக்கு அந்த உழைப்பை விளக்க வேண்டுமா என்ன! புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகியதை எழுதினார். அவர்களில் பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பினார்களாம். காரணம் கேட்டபோது, முன்னால் உள்ள கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாமே என்றார்கள். அருகில் போய்க் கேட்டவருக்குத்தான் இப்படிப்பட்ட விடை கிடைக்கும்.

அந்தப் பயணங்களிலும் அவற்றுக்குப் பின்னரும், 1993 முதல் 2002 வரை, பத்து மாநிலங்களில் அவர் எடுத்த படங்களில் ஒரு பகுதி தனிக் கண்காட்சியாக வந்தது. கண்ணுக்குத் தெரியும் வேலை, கண்ணுக்குத் தெரியாத பெண்கள் என்பது அதன் பெயரின் பொருள். நாற்று நடுதல், செங்கல் சுமத்தல், நிலக்கரி பொறுக்குதல், விறகும் தண்ணீரும் கொண்டுவருதல் என்று நாட்டுப்புறப் பெண்களின் வேலைகள் அதில் வரிசையாக வருகின்றன.

அவற்றுள் ஒரு படத்தைச் சற்றே மனக்கண்ணால் பாருங்கள். வயலில் ஒன்பது பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். நிலத்துக்காரர் நிமிர்ந்து நிற்கிறார். படம் பிடிக்கிறார்கள் என்றதும் அவருக்குப் பெருமிதம். ஆளுக்கு நாளொன்றுக்கு 40 ரூபாய் கூலி கொடுப்பதாகச் சொல்கிறார். சாய்நாத் அதோடு திரும்பிவிடவில்லை. பின்னர் அந்தப் பெண்களிடமும் கேட்டார். கைக்கு வந்தது 25 ரூபாய்தான் என்றார்கள். அவர்கள் ஒடிசா மாநிலத்து இராயகடாவைச் சேர்ந்தவர்கள். சொந்தமாகக் காணி நிலமும் இல்லாதவர்கள்.

"கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் பெரியவர்கள் வாக்கு. இந்தப் படத்தில் அதன் பொருள் விளங்குகிறது. குறிப்பு இல்லாமல் படத்தை மட்டும் பார்த்தால், நல்ல முதலாளி, நல்ல விளைச்சல் என்று தோன்றும். 40, 25 என்ற இரண்டு எண்களையும் அருகில் எழுதியதும் படம் சாட்சி சொல்லத் தொடங்குகிறது. கருவி பிடித்தது பாதி. விசாரித்து எழுதியது மறுபாதி.

அந்தக் கண்காட்சி இன்னொன்றையும் எடுத்துச் சொல்கிறது. இந்தியாவில் விதைப்பவர்களில் 76 விழுக்காட்டினர் பெண்கள். நாற்று நடுபவர்களில் 90 விழுக்காடு. விளைந்ததை வயலிலிருந்து வீட்டுக்குச் சுமப்பவர்களில் 82 விழுக்காடு. இவ்வளவும் செய்தும், விவசாயி என்றால் ஓர் ஆணின் முகந்தான் பலர் நினைவுக்கு வருகிறது. நம் தோட்டங்களில் மட்டும் என்ன வாழ்ந்தது? விடியுமுன் எழுந்து சோறாக்கி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, காண்டா வாளி சுமந்து, திரும்பி வந்து துணி துவைத்த தாய்மாருக்கு நாம் எந்தக் கணக்கேட்டில் இடம் கொடுத்தோம்?

சாய்நாத்தின் படங்கள் பட்டணத்துக் கலைக்கூடங்களோடு நின்றுவிடவில்லை. பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள், தொழிற்சாலை வாயில்கள், விவசாயத் தொழிலாளர் பேரணிகள், பள்ளிகள் ஆகிய இடங்களில் அவற்றை மாட்டி வைத்தார்கள். 2002 முதல் இந்தியாவில் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றைப் பார்த்திருக்கிறார்கள். யாரைப் படம் எடுத்தார்களோ, அவர்களைப் போன்றவர்கள் வேலைக்குப் போகும் வழியில் நின்று பார்க்க முடிந்தது. தங்கள் உழைப்பு சுவரில் மாட்டத் தகுந்தது என்று ஒரு கூலிப்பெண் அறிந்துகொள்வது சிறிய காரியமா?

அவர் ஆசிரியராகவும் இருந்தார் என்றோம். மும்பை சோபியா பாலிடெக்னிக்கில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இதழியல் கற்பித்தார். சென்னையில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரியிலும் பாடம் நடத்தினார். 2007-இல் மகசேசே விருது பெற்றார். 2014 டிசம்பர் 20-இல் ஊரக இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'பாரி' என்று வரும். முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளலின் பெயர் போலவே ஒலிப்பது நமக்கு இனிக்கிறது. நெசவாளர், மீனவர், இடையர், குயவர் முதலிய எளிய மக்களின் வாழ்க்கையைப் படமாகவும் எழுத்தாகவும் சேர்த்து வைக்கும் களஞ்சியம் அது. தமிழிலும் படிக்கலாம்.

அந்தக் களஞ்சியத்தின் புகைப்படக்காரர்களில் ஒருவர், மதுரைப் பக்கம் உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்த மு. பழனி குமார். துப்புரவுத் தொழிலாளர்களின் துயரத்தைக் காட்டிய 'கக்கூஸ்' என்னும் ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் இவர்தான். 2022-இல் தயாநிதா சிங் பெயரால் வழங்கப்படும் ஆவணப் புகைப்பட விருதைப் பெற்றார். இவர் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறார். நேற்று வரை படத்தில் நின்றவர்களின் பிள்ளைகள் இன்று கருவியைக் கையில் பிடிக்கிறார்கள்.

இந்த வழியில் முன்னே நடந்த இன்னோர் ஆசிரியரையும் இங்கு நினைக்க வேண்டும். கடல் கடந்த அமெரிக்காவில் வாழ்ந்த லூயிஸ் ஹைன் என்பவர் அவர். 1874-இல் பிறந்து, நியூயார்க் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1908-இல், குழந்தை உழைப்பை ஒழிக்கப் பாடுபட்ட தேசியக் குழு ஒன்றுக்குப் படம் எடுக்கும் வேலையில் சேர்ந்தார். நூலாலைகள், சுரங்கங்கள், பருத்திக் காடுகள் என்று அலைந்தார். வாயிலில் தடுப்பார்கள் என்பதால், வேதப் புத்தகம் விற்பவர் போலவும் தீப்பாதுகாப்பு அதிகாரி போலவும் உள்ளே போவாராம். தம் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது அவருக்கு மனப்பாடம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே பிள்ளையின் உயரத்தைப் பொத்தானால் அளந்துகொள்வார். பெயர், வயது, வேலை, இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். குறிப்பு இருந்ததால்தான் அவருடைய படங்களைப் பொய்யென்று எளிதில் தள்ள முடியவில்லை.

ஆனால் படம் எடுத்தவுடன் நீதி கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. 1916-இல் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1918-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நிலையான சட்டம் வர 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹைன் 1940-இல் வறுமையில் இறந்தார். அவருடைய படங்களும் குறிப்புகளும் இன்றும் இருக்கின்றன. நம் நாட்டில் சிறுவர், இளையோர் வேலைச் சட்டம் 1966-இல் வந்தது. பள்ளிக்குப் போகுமுன் ஒட்டுப்பால் பொறுக்கிய பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்தச் சிறுவயது உழைப்பின் படம் எத்தனை வீட்டில் இருக்கிறது? எத்தனை படத்தில் பெயர் இருக்கிறது?

எனவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜொகூரில் பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல லயங்களை இடித்துவிட்டார்கள். குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பெட்டியில் உள்ள படங்களை இந்த வாரமே எடுங்கள். வீட்டில் மூத்தவர் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். இடமிருந்து வலமாகப் பெயர்கள், தோட்டம், ஆண்டு, ஒவ்வொருவரும் செய்த வேலை, தெரிந்தால் அன்றைய கூலி ஆகியவற்றை எழுதுங்கள். இன்னாரின் மனைவி என்று எழுதி நிறுத்தாமல், அந்த அம்மாவின் சொந்தப் பெயரைக் கேட்டு எழுதுங்கள். இன்று கையில் தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைகளே, பக்கத்துச் செம்பனைக் காட்டில் உழைக்கும் வங்காளதேசியையோ இந்தோனேசியரையோ படம் எடுப்பதானால், முதலில் அனுமதி கேளுங்கள், பெயர் கேளுங்கள். எடுத்த பின் அவருக்கும் ஒரு படம் கொடுங்கள். நம் தாத்தாவுக்கு யாரும் கொடுக்காதது அது.

முடிக்குமுன், அந்தப் பையனின் படத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும் அல்லவா? அந்த ஆண்டுத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வெளியூர்களில் இருந்த பழைய குடும்பங்கள் வந்தன. கோவில் மண்டபத்தில் படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம், பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்தோம். இரண்டு நாளில் 19 பெயர்கள் சேர்ந்தன. கூலாயிலிருந்து வந்த ஒரு மூதாட்டி, மூன்று வரிசையையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பையனிடம் சொன்னார்: "உங்க பாட்டி இதுல இல்லப்பா. அன்னிக்கு நாங்க எல்லாரும் படத்துக்கு நின்னோம். பிள்ளைங்கள யாரு பாக்குறது? உங்க பாட்டிதான் ஆயாக் கொட்டகையில இருந்துச்சு. எங்க பிள்ளைய எல்லாம் அதுதான் பாத்துச்சு."

பையன் அழவில்லை. பென்சிலை வாங்கி, 19 பெயர்களுக்கும் கீழே இருபதாவதாகத் தன் பாட்டியின் பெயரை எழுதினான். அருகில், "இந்தப் படம் எடுத்த நேரம் எல்லாருடைய பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர்" என்று குறித்தான். நாம் சொல்லிக்கொடுத்து எழுதியதன்று அது. படத்தில் நின்றவர்களை மட்டும் எழுதினால் போதாது, நிற்க முடியாமற் போனவர்களையும் எழுத வேண்டும் என்பதை அன்று அந்த மாணவனிடம் நாம் கற்றுக்கொண்டோம்.

இன்னும் 23 பேருக்குப் பெயர் தெரியவில்லை. 1971-இல் குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் யாரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் வீட்டுப் பெட்டியையும் திறந்து பாருங்கள். அதே போன்ற ஒரு படம் உங்களிடமும் இருக்கலாம்.