போர் விமானம் இல்லாத மூன்று நாடுகள்: பால்டிக் வானை யார் காக்கிறார்கள்?

கிபிரின் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்குள் ஓடிய தலைமுறை எங்களுடையது. அதனாலோ என்னவோ, எந்த நாட்டில் போர்ப் பதற்றம் என்றாலும் அங்குள்ள சனத்தின் தலைக்கு மேலே என்ன பாதுகாப்பு இருக்கிறது என்றுதான் முதலில் தேடிப் பார்க்கிறேன்.

எஸ்தோனியா, லத்வியா, லிதுவேனியா ஆகிய பால்டிக் நாடுகள் 2004 மார்ச் 29 இல் நேட்டோவில் இணைந்தன. மூன்றும் ரஷ்யாவுடன் எல்லையைப் பகிர்பவை. மூன்றினதும் சனத்தொகை ஏறத்தாழ 60 இலட்சம். சொந்தமாகப் போர் விமானப் படையணி எதனிடமும் இல்லை.

வான் காவல்

இணைந்த மறுநாளே லிதுவேனியாவின் சியாவுலியாய் தளத்தில் பெல்ஜியத்தின் எப்-16 விமானங்கள் காவலைத் தொடங்கின. அன்றிலிருந்து உறுப்பு நாடுகள் முறை வைத்து விமானங்களை அனுப்புகின்றன. கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்ட 2014 இல் எஸ்தோனியாவின் அமாரி தளமும் சேர்ந்தது.

2025 செப்ரெம்பர் 19 இல் ரஷ்யாவின் மூன்று மிக்-31 விமானங்கள் தன் வான்பரப்பில் 12 நிமிடங்கள் நின்றதாக எஸ்தோனியா அறிவித்தது. ரஷ்யா அதை மறுத்தது. எதிர்கொள்ளப் பறந்தவை இத்தாலியின் எப்-35 விமானங்கள்.

வான் பாதுகாப்பு

காவல் வேறு, பாதுகாப்பு வேறு. அத்துமீறும் விமானத்தை அடையாளங்கண்டு வெளியேற்றுவது காவல். ஏவுகணைகளையும் ட்ரோன்களையும் சுட்டு வீழ்த்துவதற்குத் தரையில் ஆயுதங்கள் வேண்டும். அவை மூன்று அடுக்குகளில் அமையும்.

குறுந்தூரம்: எஸ்தோனியாவிடம் மிஸ்ட்ரல், மற்ற இரண்டிடமும் ஸ்டிங்கர் ஏவுகணைகள் உள்ளன. இவற்றின் எட்டுதூரம் சில கிலோமீற்றர்களே.

நடுத்தூரம்: நோர்வேயின் நசாம்ஸ் முறைமையை லிதுவேனியா 2020 இல் பெற்றது. எஸ்தோனியாவும் லத்வியாவும் ஜேர்மனியின் ஐரிஸ்-டி முறைமைக்கு 2023 செப்ரெம்பரில் ஒப்பந்தம் செய்தன. அதன் எட்டுதூரம் 40 கிலோமீற்றர்.

நெடுந்தூரம்: பலிஸ்டிக் ஏவுகணைகளைத் தடுக்கும் பேட்ரியட் இந்த மூன்று நாடுகளிடமும் சொந்தமாக இல்லை. 2023 யூலையில் வில்னியஸ் மாநாட்டில், வான் பாதுகாப்பு ஆயுதங்களையும் முறை வைத்து அனுப்பும் திட்டத்துக்கு நேட்டோ இணங்கியது. அதன்படி 2024 இல் நெதர்லாந்தின் பேட்ரியட் லிதுவேனியாவுக்கு வந்தது. பயிற்சி முடிந்ததும் திரும்பிப் போனது.

இடைவெளி இங்கேதான். போர் விமானங்கள் ஆண்டு முழுவதும் நிற்கின்றன. ஏவுகணைத் தடுப்போ வந்து போகிறது. உக்ரெயினில் ஒவ்வோர் இரவும் குடிமனைகள்மீது விழுபவை பெரும்பாலும் ஏவுகணைகளும் ட்ரோன்களும்தான். 2024 செப்ரெம்பர் 7 இல் வெடிபொருளுடன் பெலாரஸ் வழியாக வந்த ரஷ்ய ட்ரோன் ஒன்று லத்வியாவின் ரெசெக்னே பகுதியில் விழுந்தது. அதை எவரும் சுட்டு வீழ்த்தவில்லை.

2025 இல் எஸ்தோனியா புதிய சட்டமொன்றை நிறைவேற்றியது. 2026 யூலை முதல் கட்டப்படும் பெரிய கட்டடங்களில் பதுங்கிடம் கட்டாயம். மண்மூட்டையும் பனங்குற்றியும் அடுக்கிக் குழி மூடிய எங்களுக்கு அதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.