நடந்தவர்களின் இதயம்

எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் இடைப்பட்ட எர்ணாவூரின் வழியே பக்கிங்காம் கால்வாய் செல்கிறது. ஒருகாலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகளை ஆட்கள் கழி ஊன்றியும், கரையில் நடந்து கயிறிட்டு இழுத்தும் இதில் நகர்த்தினர். தெற்கே துறைமுகத்தில் மூட்டைகள் முதுகேறி இறங்கின. 1983-இல் கொள்கலன் முனையம் வந்த பின் அவ்வேலையின் பெரும்பகுதியைப் பாரந்தூக்கிகள் எடுத்துக்கொண்டன. உடலுழைப்பின் வரலாறு வடசென்னைக்கு அந்நியமானதன்று. ஆயினும் உழைப்பையும் இதயத்தையும் இணைத்துப் பார்த்த முதல் பெரிய கணக்கு லண்டனில் எழுதப்பட்டது.

1953-இல் ஜெர்ரி மாரிஸ் லண்டனின் மாடிப் பேருந்துகளை ஆராய்ந்தார். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாயிருந்தது. சீருடையின் இடுப்பளவுகளை ஒப்பிட்டு அவர் 1956-இல் எழுதியது நமக்கு மிகவும் பிடித்த ஆய்வு: ஓட்டுநரின் கால்சட்டை தொடக்கத்திலேயே அகலமாயிருந்தது! அப்படியானால் வேலைதான் காரணமா, வேலைக்கு வந்த உடலா என்ற கேள்வியை அவரே எழுப்பிவிட்டார். பின்னர் ரால்ஃப் பாஃபென்பார்கர் சான் பிரான்சிஸ்கோவின் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட துறைமுகத் தொழிலாளரை 22 ஆண்டுகள் தொடர்ந்து, கடுஞ்சுமை தூக்கியோர் இதயநோயால் குறைவாக மாண்டதை 1975-இல் வெளியிட்டார். ஆயினும் ஓய்வின்றிச் சுமப்பதும் விரும்பி நடப்பதும் இதயத்துக்கு ஒன்றல்ல என்பதைப் பிற்கால டென்மார்க் ஆய்வுகள் காட்டின.

நடையையே வாழ்வாகக் கொண்டோர் நம்மிடையே உண்டு. நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலி இந்தோ-ஆரிய மொழி. ஐரோப்பிய ரோமாக்களின் மொழியும் அக்குடும்பமே. இதைக் கொண்டு இருவரையும் ஒரே இனமென்று சொல்லும் கட்டுரைகளில் நமக்கு உடன்பாடில்லை. மொழிக்குடும்பம் ஒன்றாயிருப்பது வேறு, மக்கள் ஒன்றாயிருப்பது வேறு. ஒற்றுமை இருப்பது அவர்களை நடத்திய விதத்தில்தான்.

எட்கர் தர்ஸ்டன் 1909-இல் குருவிக்காரர் என்று பதிவுசெய்த இம்மக்கள் கண்ணியும் வலையுமாய்க் காடு மேடு அலைந்தவர்கள். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது. அச்சட்டம் தேவையற்றதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது பறித்தது தொழிலை மட்டுமன்று. காலையில் தொடங்கி மாலைவரை நடந்த கால்கள், கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் பாசிமணி கோத்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்தன. வேட்டை இறைச்சி போய் நியாயவிலைக் கடையின் தீட்டிய அரிசி தட்டுக்கு வந்தது. இடுப்பளவைப் பதிவுசெய்ய இங்கே சீருடையும் இல்லை.

ஐரோப்பாவில் இது ஆணையிட்டே செய்யப்பட்டது. செக்கோஸ்லோவாக்கியா 1958-இல் நாடோடி வாழ்வைத் தடைசெய்து சட்டமியற்றி, ரோமாக்களை ஓரிடத்தில் இருத்தியது. கிழக்கு ஸ்லோவாக்கியக் குடியிருப்புகளில் 2011-இல் நடந்த ஆய்வு, அங்குள்ள ரோமா பெண்களிடையே உடற்பருமன் மிகுந்திருப்பதைக் கண்டது. நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று அறிவுரை சொல்வோர், அந்த நடையை நிறுத்தியது யார் என்பதை அரிதாகவே கேட்கின்றனர்.

நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க லோகூர் குழு 1965-இலேயே பரிந்துரைத்தது. சட்டமானது 2023 ஜனவரியில். கல்விக்கும் வேலைக்கும் அது வழி திறக்கலாம். இரத்த அழுத்தத்தை அளக்க வேறு ஏற்பாடு வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் அழுத்தமும் பார்க்கின்றனர். நல்ல ஏற்பாடுதான். திருவிழாக் காலத்தில் அவர்கள் வரும்போது, பாசிமணி மூட்டையுடன் ஊரூராய்ச் சென்றிருக்கும் குடும்பத்தின் கதவு பூட்டியிருக்கும்.